சீராக வந்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தாம்பாளத்தில் வந்தது. எனக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தபோது அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, சிதம்பரத்திலிருந்து சீர்வரிசை கொண்டுவந்தார். பட்டுப்புடவை, வளையல், பூ, பழம், வெல்லம் எல்லாவற்றுக்கும் நடுவில் அதுவும் இருந்தது. மானிட்டருக்கு ஒரு தட்டு, சிபியூவுக்கு ஒரு தட்டு, கீபோர்டுக்கும் மவுஸுக்கும் சேர்த்து ஒரு தட்டு. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். மவுஸ் தட்டைச் சுமந்து வந்த அத்தை, அது என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் "இதுவும் கம்ப்யூட்டர்தான்" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மாமா அப்போது கடலூர்-சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர். கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "அதுல உலகமே இருக்குதாம். நீ தொறந்து பாத்துட்டு எனக்குச் சொல்லு" என்றார். கடையில் வாங்கிய பெட்டிகளைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றிவந்து, லக்கேஜுக்குத் தனக்குத் தானே டிக்கெட் கிழித்துக்கொண்ட மனிதர் அவர். அந்தக் கம்ப்யூட்டரில்தான் நான் பாட்டு கேட்டேன், சீட்டு விளையாடினேன், பிறகு லேப் டெக்னீஷியன் படித்தபோது ப்ராஜெக்ட் அடித்தேன்.

இப்போது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகிவிட்டது. அம்மா தனியாக இருக்கக் கூடாது என்று நானும் என் வீட்டுக்காரரும் மஞ்சக்குப்பத்தில் அம்மாவோடுதான் இருக்கிறோம். கம்ப்யூட்டரும் எங்களோடு இருந்தது, ஆனால் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சுவிட்சைப் போட்டுவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தால், பால் பொங்கி, காபி கலந்து, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்தபின்தான் திரையில் ஏதாவது தெரியும். என் வீட்டுக்காரர் இரும்புக்கடைக்குப் போட்டுவிடலாம் என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டார். "தாய்மாமன் சீரை எடைக்குப் போடற வழக்கம் எங்க வீட்ல இல்ல மாப்ள" என்று அம்மா சொன்ன தோரணையில், அவர் அதற்குப் பிறகு பழைய பேப்பரை எடைக்குப் போடக்கூட அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தார்.

அத்தை இறந்த பிறகு மாமா சிதம்பரத்தில் தனியாக இருந்தார். ஒரே மகள் மஸ்கட்டில் நர்ஸ். அங்கேயே அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. லீவு கிடைக்காததால் குழந்தையை இன்னும் ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை. தினமும் போனில் வீடியோ போட்டுக் காட்டுவாள். ஆனால் மாமாவுக்குச் சர்க்கரை ஜாஸ்தியாகிக் கண்ணைத் தொட்டுவிட்டது. கையகலத் திரையில் அவருக்கு எல்லாம் கலங்கிய தண்ணீராகத்தான் தெரிந்தது. மகளிடம் "தெரியுது, தெரியுது, சிரிக்குது பாரு" என்பார். என்னிடம் மட்டும் ஒருநாள் உண்மையைச் சொன்னார்: "கொழந்த அசையறது தெரியுதும்மா. மூஞ்சி தெரியல."

பெரிய டேப்லெட் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். மறுத்துவிட்டார். "தாய்மாமன் குடுக்கறவன்மா. தங்கச்சி மகக்கிட்ட வாங்கறவன் இல்ல." இதில் அவரோடு வாதாட முடியாது. எங்கள் வீட்டில் ஒரு வாய் காபி குடித்தால்கூட மேசைமேல் பழமோ பூவோ வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். என் கல்யாணத்தின்போது அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தார். கையிலிருந்ததெல்லாம் அங்கே போயிருந்தது. மாமாவால் ஒரு புடவையும் ஒரு எவர்சில்வர் குடமும்தான் கொண்டுவர முடிந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் ஒரு வார்த்தை குறை பேசவில்லை. அவர்தான் பந்தியில் உட்காராமல் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. புதிதாக வாங்கிக் கொடுத்தால்தானே வேண்டாம் என்பார்? அவர் வாங்கிய கம்ப்யூட்டரையே சரிசெய்து அவரிடம் கொண்டுபோய் வைத்தால் என்ன சொல்ல முடியும்? மானிட்டர் பெரியது. குழந்தையின் முகம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரியும். நான் என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் உடம்பில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. அதன்மேல் உட்கார்ந்திருந்த ஆபரேட்டிங் சிஸ்டம்தான் கனம். சுவிட்சைப் போட்டதும் முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் நடத்துகிற மென்பொருள் அது. பழையது பெருத்துப்போய் அசைய மாட்டாமல் கிடந்தது. புதியதை ஏற்ற இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெம்பு இல்லை. பழைய கம்ப்யூட்டர்களுக்கென்றே லேசான லினக்ஸ்கள் இருக்கின்றன, இலவசம், என்று தெரிந்து தேடினால் நெட்டில் ஒரு பெரிய கூட்டமே நின்றது. என்னுடையதுதான் லேசானது, என்னுடையதுதான் வேகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் நின்று பேசினார்கள். கல்யாணத் தரகர்கள் தோற்றார்கள். நானும் என் வீட்டுக்காரரின் லேப்டாப்பில் ஒவ்வொன்றாக இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, பெண் பார்க்கிற மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் மட்டும் உள்ளே பதித்துக்கொள்ளலாம் என்பது இதில் உள்ள பெரிய சௌகரியம்.

முதலில் பார்த்தது நாய்க்குட்டி படம் போட்டது. பறந்தது. என் வாழ்நாளில் அந்தக் கம்ப்யூட்டரை அவ்வளவு சுறுசுறுப்பாகப் பார்த்ததில்லை. ஆனால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அதைச் சரிசெய்துவிட்டு அணைக்கப் போனால், செய்ததையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டது. நான் ஏதோ ஒன்றை அழுத்தினேன். மறுநாள் திறந்தால் அதற்கு என்னையே தெரியவில்லை. நானே இப்படி அழுத்தினால் மாமா எதை அழுத்துவார்? கேள்வி கேட்கிற எதுவும் மாமாவுக்கு ஆகாது. வருத்தத்தோடு நாய்க்குட்டியை அனுப்பிவைத்தேன்.

அடுத்தது அழகி. ஜன்னல்கள் வழுக்கிக்கொண்டு திறந்தன, நிழல் விழுந்தது, பூ விரிந்தது. சிபியூவுக்குள் ஃபேன் கிரைண்டர் மாதிரி கத்த ஆரம்பித்தது. மஸ்கட்டுக்கு வீடியோ போட்டால் மாமா மகளின் வாய் இப்போது அசைந்தது, குரல் பிறகு வந்தது. அவளிடம் விஷயத்தைச் சொல்லிக் கூட்டாளி ஆக்கியிருந்தேன். "அப்பாகிட்ட முன்னாடியே சொல்லிடாத" என்றாள். "பாப்பாவ அவரு மொதல் தடவ சரியாப் பாக்கும்போது அவரு மூஞ்சிய நான் பாக்கணும்." அழகியையும் வேண்டாம் என்றேன்.

கடைசியில் பிடித்தது ஒரு சுண்டெலி படம் போட்டது. மிக வேகமும் இல்லை, மிக அழகும் இல்லை. ஆபீஸுக்கு டிபன் பாக்ஸ் எடுத்துப் போகிறவர்போல ஒழுங்காக இருந்தது. தமிழ் எழுத்து சுத்தமாக வந்தது, நான் செருகிய கேமராவை அடையாளம் கண்டுகொண்டது, தேவையில்லாமல் எதையும் கேட்கவில்லை. வீடியோ மட்டும் விட்டு விட்டு வந்தது. இத்தனை நாள் சிஸ்டத்தையே திட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால் மெமரியைத் தின்றுகொண்டிருந்தது நெட் பார்க்கிற பிரவுசர். லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில் பழைய மெமரித் துண்டு ஒன்று கிடைத்தது. அதைச் செருகியதும் வீடியோ தெளிந்தது. திறக்கத்தான் கொஞ்ச நேரம் எடுத்தது. ஹார்டு டிஸ்க் பழையது, அதற்கு மேல் அதை விரட்ட எனக்கு மனசு வரவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும், மகளைக் கூப்பிடுகிற பக்கம் தானாக வந்து நிற்கும்படி அமைத்தேன். அமைத்துவிட்டு ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். குழந்தையின் கீழ் ஈறில் முளைத்திருந்த பல் தெரிந்தது. காதில் போட்டிருந்த தோடு தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மெஷினைப் பார்த்து அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. நான் எப்போதும் எதையாவது நோண்டிக்கொண்டிருப்பவள் என்பதால் அம்மாவும் கேட்கவில்லை. ஒரு வியாழக்கிழமை திருவந்திபுரம் கோயிலில் ஒரு கல்யாணத்துக்கு அம்மா கிளம்பிப் போனதும், நானும் என் வீட்டுக்காரரும் அவருடைய நண்பரின் காரை வாங்கி, கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு சிதம்பரம் புறப்பட்டோம். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை நான் பேசிக்கொண்டே போனேன். மாமாவின் முகம் எப்படி மாறும் என்பதை நடித்துக்கூடக் காட்டினேன்.

மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாமா வீடு. நான் மானிட்டரோடும் என் வீட்டுக்காரர் சிபியூவோடும் வாசலில் நின்றோம். மாமாவுக்குக் குழந்தையின் முகம் தெரியாமல் இருக்கலாம், அந்தப் பெட்டியைத் தெரியாமல் போகாது. பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"என்னாம்மா இது?"

"உங்களுதுதான் மாமா. உங்களுக்கே கொண்டாந்துட்டோம்" என்றேன் பெருமையாக.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் நல்ல வளர்ப்பு. எங்கே எதைக் கொடுத்தாலும் தன்னை முன்னால் வைக்காமல் பெரியவர்கள் பேரில் கொடுக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர். "அத்தைதான் குடுத்தனுப்புனாங்க மாமா" என்றார், என் அம்மாவைச் சொல்லி.

மாமா பெட்டியையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "சரி, அப்பிடி வையுங்க" என்று சுவரோரத்தைக் காட்டினார். காபி போட்டுக் கொடுத்தார். நான் பிளக்கைத் தேடியபோது, "இப்ப வேணாம்மா, கரண்டு ஒரு மாதிரி இருக்கு" என்றார். தலைக்குமேல் ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். குழந்தையைப் பற்றி நானும் சொல்லவில்லை. திறந்து காட்டுகிறபோது அவரே பார்க்கட்டும் என்று அடக்கிவைத்திருந்தேன். கிளம்பும்போது வெற்றிலை பாக்கோடு ஒரு தேங்காயை வைத்துக் கொடுத்தார். விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற மாதிரி. எனக்கு அவர் அப்படி என்றைக்கும் கொடுத்ததில்லை. "அம்மாவ நல்லாப் பாத்துக்க" என்றார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று காரில் சொல்லிக்கொண்டு வந்தேன். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

அம்மா கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையோடு உள்ளே வந்து வெறும் மேசையைப் பார்த்தார்.

"எங்கடி அது?"

நான் வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சீரைத் திருப்பிக் குடுத்துட்டா வந்த?"

அந்த வார்த்தை காதில் விழுந்ததும்தான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில், வந்த சீரைத் திருப்பி அனுப்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உன் உறவு இனி வேண்டாம். சண்டை முற்றிய வீடுகளில் பாத்திரத்தையும் புடவையையும் மாமன் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவார்கள், அதோடு நல்லது கெட்டது எல்லாம் நின்றுபோகும். இது எனக்குத் தெரியாததா? குடமாக இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன். கம்ப்யூட்டர் என்பதால் அது என் மூளையில் வேறு அலமாரியில் இருந்தது.

"என் பேரச் சொல்லியா குடுத்தீங்க மாப்ள?" என்று அம்மா கேட்டபோது என் வீட்டுக்காரர் சுவரோடு சுவராக ஆகிவிட முயன்றுகொண்டிருந்தார். அம்மா போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, மாமா எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டார். "கல்யாணத்துக்கு ஒத்தக் கொடத்தோட வந்தாரே, அத மனசுல வச்சிருந்து இப்ப திருப்பிட்டேன்னு நெனச்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. பயமாக இருந்தது. அம்மாவுக்கு மிச்சமிருந்த ஒரே பிறந்த வீட்டு உறவை, நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நானே போய் அறுத்துவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அம்மாவும் நானும் சிதம்பரம் போனோம். வழி முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை. டிக்கெட் எடுக்கும்போதுகூட "சிதம்பரம் ஒண்ணு" என்று தனக்கு மட்டும் எடுத்தார். நான் எனக்கு எடுத்துக்கொண்டேன்.

மாமா வீட்டில் கம்ப்யூட்டர் வைத்த இடத்திலேயே இருந்தது. தூசி படாமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். அவருடைய கண் ரப்பைகள் வீங்கியிருந்தன.

"வா பாப்பா" என்றார். அம்மாவுக்குப் பேரன் பேத்தி எடுக்கிற வயசு வந்துவிட்டது, இன்னும் பாப்பாதான். "கொறையா செஞ்சிட்டேன்னு மனசுல இருந்துதுன்னா நேர்ல சொல்லியிருக்கலாம் இல்ல? புள்ளைங்க கைல குடுத்து அனுப்பணுமா?"

"நீ என்னா கொற வச்ச எனக்கு?" என்றார் அம்மா. "அண்ணி ஆஸ்பத்திரில கெடக்க, நீ சோறு திங்காம வந்து நின்னியே, அதவிட என்னா சீரு வேணும் எனக்கு? நான் குடுத்தனுப்பலண்ணே. நான் திருவந்திபுரத்துல இருந்தேன். மாப்ள மரியாதைக்கு என் பேரச் சொல்லிட்டாரு. எல்லாம் இந்த அறிவாளி பண்ண வேல."

அறிவாளி முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். கண் தெரியாதது, டேப் வேண்டாம் என்றது, நாய்க்குட்டி, அழகி, சுண்டெலி எல்லாம். அம்மாவுக்கு அவர் கண் இவ்வளவு மங்கியதே அப்போதுதான் தெரியும். மாமா துண்டை விலக்கி மானிட்டரைக் கையால் தடவினார்.

"இதுல மூஞ்சி தெரியுமா?"

"பல்லு கூடத் தெரியும் மாமா. இருங்க, போட்டுக் காட்றேன்."

"இங்க போடாத" என்றார் அம்மா. "இது என் வூட்டுக்கு வந்த சீரு. என் வூட்லதான் இருக்கணும். பேத்தியப் பாக்கணும்னா அண்ணன் நம்ம வூட்டுக்கு வரட்டும். மஸ்கட்ல அவளுக்கு வெள்ளிக்கிழம லீவுதான?"

"அதுதான் மொற" என்றார் மாமா.

எனக்கு வந்ததே கோபம். நான் மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டது இவர் தினமும் பார்க்க வேண்டும் என்பதற்காக. இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதை வாரத்துக்கு ஒருநாள் ஆக்குகிறார்கள். "மொதல்ல கொழந்தையப் பாருங்க, மொறைய அப்பறம் பேசிக்கலாம்" என்றேன் சத்தமாக. "நீ சும்மா இரு" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்த ஒற்றுமையைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

அன்றே வெள்ளிக்கிழமைதான். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பினார். பஸ்ஸில் சிபியூ என் காலடியில் இருக்க, அவர் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு, பிரேக் போடும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். வீட்டில் என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று, இனி யார் பேரையும் சொல்ல மாட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். மாமா சிரித்துவிட்டார்.

எல்லாவற்றையும் பழைய மேசையில் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். அது மெல்ல எழுந்தது. மஸ்கட்டில் மணி அடித்தது. திரை நிறையக் குழந்தையின் முகம் வந்தது. மாமா நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார். "உங்க அத்த மூக்கு" என்றார் என்னிடம். பிறகு விரலை நீட்டித் திரையில் அந்த மூக்கைத் தொட்டார். அந்தப் பக்கம் அவர் மகள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. மாமா வந்து சுவிட்சைப் போடுவார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் ஸ்டூலில் உட்காருவார். அது எழுந்து வருவதற்குள் இருவரும் எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள், யாருக்குக் கல்யாணம், புவனகிரியில் யார் வீடு விற்றது, இவருக்குச் சர்க்கரை எவ்வளவு. குழந்தை வந்ததும் அம்மா ஒரு கொஞ்சல் கொஞ்சிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

போன வாரம் மாமாவிடம் சொன்னேன், ஹார்டு டிஸ்க்கை மாற்றிவிடலாம், இப்போது புதிதாக ஒன்று கிடைக்கிறது, அதைப் போட்டால் சுவிட்சைத் தொட்டதும் குழந்தை வந்து நிற்கும் என்று. இன்னும் லேசான சிஸ்டம் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன் என்றேன். மாமா அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேணாம்மா, இப்பிடியே இருக்கட்டும். இது தொறக்கற வரைக்கும்தான் உங்கம்மா எங்கிட்ட உக்காந்து பேசறா."